ஒரு டம்ளருக்கு மட்டும் சுடுதண்ணீர்

காபி இயந்திரம் எதுவானாலும் அதன் முதல் வேலை தண்ணீரைச் சுட வைப்பது. அதை இரண்டு விதமாகச் செய்யலாம். தொட்டி நிறையத் தண்ணீரைக் காலையிலிருந்து இரவுவரை சூடாகவே வைத்திருந்து, வேண்டும்போது திறந்து பிடித்துக்கொள்வது ஒன்று. தண்ணீரைப் பச்சையாகவே வைத்திருந்து, பொத்தானை அழுத்திய பிறகு, குழாயில் ஓடுகிற ஓட்டத்திலேயே சூடாக்கித் தருவது இன்னொன்று. முதலாவதைக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த பேக்கரிக்குப் போனாலும் முகப்பில் நிற்கும் பாய்லர்தான் அது. செம்பிலோ பித்தளையிலோ செய்த உருளை. நடுவில் கரி எரியும் குழல். குழலைச் சுற்றித் தண்ணீர். அடியில் ஒரு குழாய். மேலே பால் பாத்திரம். இப்போது பல கடைகளில் கரிக்குப் பதில் கேஸ் வந்துவிட்டது. மாஸ்டர் ஒரு சொம்பு சுடுதண்ணீர் பிடித்தால் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றுவார். உள்ளே இருக்கிற சூடான தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது முறை வீட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் உரியது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். 150 மில்லி தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 44 கிலோஜூல் ஆகும். மின்சார மீட்டரில் ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். அதாவது ஒரு யூனிட்டில் 80 டம்ளருக்கு மேல் தண்ணீர் சுட வைக்கலாம். இதே வேலைக்கு எப்போதும் சூடாக இருக்கும் ஒரு தொட்டியை வைத்து, அதன் சுவர் வழியாக 80 வாட் வெப்பம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் வீணாவது ஏறக்குறைய 2 யூனிட். ஒரு டம்ளர் காபிகூடப் போடாமலேயே 150 டம்ளர் தண்ணீருக்கான மின்சாரம் காற்றில் கலந்துபோகும். நாளுக்கு நாலைந்து காபி போடும் வீட்டில் இது வீண் செலவு. நிமிடத்துக்கு நாலு காபி போகும் பேக்கரியில் இது ஒரு பொருட்டே இல்லை.

ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் யோசனைக்கு வயது அதிகம். 1954-ல் ஜெர்மனியில் காட்லோப் விட்மன் என்பவர் காப்புரிமை பெற்ற விகோமாட் என்ற கருவி, மின்சாரத்தில் இயங்கிய முதல் டிரிப் காபி இயந்திரமாகக் கருதப்படுகிறது. 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மிஸ்டர் காபி அந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றும் கடைகளில் கிடைக்கும் மலிவான டிரிப் இயந்திரங்களில் பம்ப் கிடையாது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு அலுமினியக் குழாய் கிளம்புகிறது. அதோடு ஒட்டியபடி ஒரு ஹீட்டர் காயில். தண்ணீர் திரும்பிப் போகாதபடி ஒரு வால்வு. குழாய்க்குள் தண்ணீர் கொதித்துக் குமிழி கிளம்பும்போது, அந்தக் குமிழியே தண்ணீரை மேலே தள்ளிக் காபித்தூள்மேல் கொட்டுகிறது. அசையும் பாகம் என்று பார்த்தால் வால்வு ஒன்றுதான். ஆனால் கொதித்தால்தான் தண்ணீர் ஏறும். ஆகவே சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை.

இத்தாலிய எஸ்பிரெஸோ இயந்திரங்கள் வேறு பாதையில் போயின. 1901-ல் லூயிஜி பெட்செரா காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஒரு பெரிய பாய்லர்தான் எல்லாம். அதன் நீராவி அழுத்தமே தண்ணீரைத் தூளுக்குள் தள்ளியது. அதனால் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, காபியில் கருகல் சுவை வந்தது. 1961-ல் ஃபயேமா நிறுவனம் கொண்டுவந்த இ61 இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தது. தள்ளுவதற்கு மின்சார பம்ப். சூடாக்குவதற்கு, பாய்லருக்குள்ளேயே போய் வரும் ஒரு தனிக் குழாய். பச்சைத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் நுழைந்து, சுற்றியுள்ள கொதிநீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து காபியாகிறது. பாய்லரில் கிடந்து பழசான தண்ணீர் டம்ளருக்கு வருவதில்லை. பாய்லர் முறைக்கும் உடனடி முறைக்கும் நடுவே நிற்கும் ஏற்பாடு இது.

வீட்டு இயந்திரத்தில் அந்தப் பாய்லரையும் எடுத்துவிட்டு, அலுமினியக் கட்டி ஒன்றை வைக்கிறார்கள். தெர்மோபிளாக் என்பது இதுதான். ஒரு சின்ன அலுமினிய வார்ப்புக்குள் வளைந்து வளைந்து செல்லும் எவர்சில்வர் குழாய். அதன் பக்கத்திலேயே ஹீட்டர் காயில். தண்ணீர் ஒருபக்கம் பச்சையாக நுழைந்து மறுபக்கம் சூடாக வெளிவருகிறது. உடனடி என்று பெயர் இருந்தாலும் இதிலும் ஒரு காத்திருப்பு உண்டு. 600 கிராம் எடையுள்ள அலுமினியக் கட்டியை 70 டிகிரி சூடேற்றவே 38 கிலோஜூல் வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஆகும் 44 கிலோஜூலுக்கு அது அதிகம் குறைவில்லை. பொத்தானை அழுத்தி அரை நிமிடம் இயந்திரம் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது, பிறகுதான் தண்ணீர். கட்டியை மெலிதாக்கினால் இந்த நேரம் குறையும். ஆனால் கனமான கட்டிக்கு ஒரு நன்மை இருக்கிறது. தண்ணீரின் வேகமோ மின்சாரமோ சற்று ஏறி இறங்கினாலும், உலோகத்தில் தங்கியிருக்கும் சூடு அந்த ஆட்டத்தை வெளியே தெரியாமல் அமுக்கிவிடும். மெலிந்த ஹீட்டரில் ஒவ்வொரு சிறு மாற்றமும் டம்ளரில் தெரியும். எந்தப் பக்கம் சாய்வது என்பதில்தான் ஒரு வடிவமைப்பாளர் இன்னொருவரிடமிருந்து வேறுபடுகிறார்.

கனத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் சூடு நிற்பதுபோல, ஹீட்டரை நிறுத்திய பிறகும் கட்டியில் சூடு நிற்கும். தண்ணீர் நின்றுபோனதும் குழாயில் தங்கிய சில மில்லி நீர் கொதித்து, நீராவியும் துளிகளுமாகச் சீறும். விலை குறைந்த இயந்திரங்கள் காபி முடிந்ததும் புஸ்ஸென்று துப்புவது இதனால்தான். மருந்து எளிது: டம்ளர் நிறையச் சில விநாடிகள் இருக்கும்போதே ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். கடைசி 20 மில்லி, கட்டியில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே சுட்டுவிடும்.

எவ்வளவு பெரிய ஹீட்டர் போடலாம் என்பதை வீட்டுச் சுவர் தீர்மானிக்கிறது. சாதாரண பிளக் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 16 ஆம்பியர் பவர் பிளக் தேவை. அது சமையலறையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதிலும் ஃப்ரிட்ஜ் குடியிருக்கும். ஆகவே 1,300 வாட் என்று வைத்துக்கொள்வது நியாயம். அந்தச் சக்தியில், 25 டிகிரி தண்ணீர் 95 டிகிரிக்கு வர வேண்டுமானால், அது விநாடிக்கு 4.4 மில்லி வேகத்துக்கு மேல் ஓடக் கூடாது. 150 மில்லிக்கு 34 விநாடி.

இந்த இடத்தில்தான் உடனடிச் சூடாக்கலின் உண்மையான சிக்கல் தெரிகிறது. பாய்லரில் சூட்டைக் கட்டுப்படுத்தினால் போதும்; இங்கே ஓட்டத்தையும் கட்டுப்படுத்தியாக வேண்டும். தறிகளும் மோட்டார்களும் ஓடும் கொங்கு வட்டாரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்குவது புதிய செய்தி அல்ல. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வோல்ட் வந்தால் குறைவு 17 சதவீதம்தான். ஆனால் ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 1,300 வாட் ஹீட்டர் 890 வாட்டுக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஓட்டத்தை மாற்றாமல் விட்டால் 95 டிகிரிக்குப் பதிலாக 73 டிகிரியில் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில் டிக்காஷன் சோகையாகத்தான் இறங்கும். மாறாக ஓட்டத்தை விநாடிக்கு 3 மில்லியாகக் குறைத்தால் சூடு சரியாக இருக்கும். 34 விநாடி 50 விநாடி ஆகும், அவ்வளவுதான்.

தொட்டித் தண்ணீரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏப்ரல் மதியத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் 38 டிகிரி இருக்கலாம்; மார்கழி விடிகாலையில் 20. 25 டிகிரிக்கு என்று அமைத்த இயந்திரத்தில் 38 டிகிரி தண்ணீரை ஊற்றினால் கணக்குப்படி 108 டிகிரிக்குப் போக வேண்டும். போகாது, வழியிலேயே கொதித்துச் சீறும். நல்ல வடிவமைப்பு இதையெல்லாம் முன்கூட்டியே அளந்துவிடுகிறது. தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு வெப்ப உணரி, வெளியேறும் இடத்தில் ஒன்று, நடுவில் ஓட்டத்தை அளக்க ஒரு குட்டிச் சக்கரம், மின்சாரத்தின் வோல்டேஜைப் பார்க்கும் ஒரு சுற்று. நாலையும் வைத்துக்கொண்டு, இந்த வேகத்துக்கு இவ்வளவு சக்தி வேண்டும் என்று மைக்ரோகன்ட்ரோலர் முதலில் கணக்குப் போடும். வெளியே வரும் சூட்டைப் பார்த்துப் பிறகு நுணுக்கமாகத் திருத்தும். வெளியே வரும் சூட்டை மட்டும் நம்பி ஓட்டினால், தப்பு தெரியும்போது பாதி டம்ளர் நிறைந்திருக்கும்.

தண்ணீரைத் தள்ளும் பம்ப் சின்னது. வீட்டு காபி இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது அதிர்வு பம்ப். அதில் சுழலும் மோட்டார் கிடையாது. ஒரு கம்பிச் சுருள், அதற்குள் முன்னும் பின்னும் துடிக்கும் ஒரு இரும்புத் தண்டு, ஒரு ஸ்பிரிங். வரிசையில் ஒரு டயோடு இருப்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 50 முறை துடிக்கும். துடிப்புகளில் சிலவற்றை விட்டுவிட்டு ஓட்டினால் தண்ணீரின் வேகம் குறையும். ஆக, வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு கருவி வேண்டியதில்லை.

சுருள் சுற்றுவது, அலுமினியம் வார்ப்பது, எவர்சில்வர் தகடு வளைப்பது ஆகிய மூன்றும் கோவையில் தெருவுக்குத் தெரு நடக்கும் தொழில்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகளோடு வளர்ந்தவை இவை. இளம் வயதில் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்த ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937-ல் உருவாக்கிய மோட்டார்தான் இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுகிறது. பின்னால் வந்த பம்ப்செட்டுக்கும் வெட் கிரைண்டருக்கும் அந்த வழியில்தான் ஊர் பேர் வாங்கியது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கிரைண்டர் வளர்ந்த விதம் காபி இயந்திரத்துக்கும் பொருந்தும். மோட்டார் ஓரிடம், கல் ஓரிடம், டிரம் ஓரிடம் என்று வாங்கிச் சிறு பட்டறைகள் பூட்டி விற்றதால்தான் அது பரவியது. உடனடி ஹீட்டரும் அப்படித்தான்: வார்ப்பு, காயில், பம்ப், போர்டு என்று நாலு கடைச் சரக்கு. கடினமானது பூட்டுவதல்ல; பூட்டியதைத் தண்ணீரில் உள்ள உப்பிலிருந்து காப்பாற்றுவது.

கோவையில் தண்ணீர் இரண்டு வகை. சிறுவாணி வந்தால் நல்ல தண்ணீர். மலையிலிருந்து வரும் அந்த நீரில் உப்பு மிகக் குறைவு. மற்றது ஆழ்துளைக் கிணற்றுச் சப்பைத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்து, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் நாளுக்குப் பத்து டம்ளர் காபி போடும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்தில் ஹீட்டர் வழியாகப் போவது சுமார் 550 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வகை உப்பு 220 கிராம். பத்தில் ஒரு பங்கு படிந்தாலே 22 கிராம். பாய்லரில் 22 கிராம் சுண்ணாம்பு எங்கேயோ அடியில் கிடக்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். சில மில்லிமீட்டர் துளையுள்ள குழாயில் அதே 22 கிராம் உயிரை எடுக்கும்.

சுட்டால் உப்பு கரையத்தானே வேண்டும், ஏன் படிகிறது என்று தோன்றலாம். சாப்பாட்டு உப்புக்கு அது சரி. கடினநீரில் இருப்பது கால்சியம் பைகார்பனேட். அது சூடு பட்டதும் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அதாவது ஹீட்டர் சுவரில். அந்தப் படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீருக்குச் சூடு போய்ச் சேராததால் கட்டியின் சூடு எகிறும். எகிறிய சூட்டில் படிவம் இன்னும் வேகமாக வளரும். கடைசியில் தெர்மல் ஃபியூஸ் போய், இயந்திரம் உயிரற்று நிற்கும். பழுது பார்க்கக் கழற்றினால் ஃபியூஸ் போயிருப்பது தெரியும். உண்மையான காரணம் குழாய்க்குள் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் இதற்குச் சரியான மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கரைத்து மெதுவாக ஓடவிட்டு, நடுவில் கொஞ்சம் ஊறவிட்டு, பிறகு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசினால் போதும். அமிலம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால்தான் தண்ணீர் போகும் வழி எவர்சில்வராக இருக்க வேண்டும். விலையைக் குறைக்க அலுமினியத்திலேயே துளை போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் ஊரில் அது இரண்டு வருடப் பொருள். ஓட்டத்தை அளக்கும் சக்கரம் இருந்தால், எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு வைத்து, கழுவும் நாள் வந்துவிட்டதென்று இயந்திரமே விளக்கு எரித்துச் சொல்லலாம்.

இவ்வளவும் வெறும் சுடுதண்ணீருக்கு. ஃபில்டர் காபிக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஒரு டம்ளரில் டிக்காஷன் 40 மில்லி, மீதி பால். 10 கிராம் தூள் தன் எடையில் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஊற்ற வேண்டியது 60 மில்லி. அதைச் சுட வைக்க 1,300 வாட் ஹீட்டருக்கு 14 விநாடி போதும். ஆனால் இறங்குவதற்கு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஃபில்டர் தூள் நைஸாக இருக்கும். அதில் சிக்கரியும் உண்டு. காபி - சிக்கரி கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருக்கவும் இடமுண்டு. சிக்கரி ஊறிப் பிசுபிசுத்துத் துளைகளை அடைக்கும். ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டினால் வழியும். எனவே முதலில் 20 மில்லி விட்டுத் தூளை நனைத்து, சற்றுப் பொறுத்து, பிறகு விட்டுவிட்டு ஊற்ற வேண்டும். தொட்டி இயந்திரத்தைவிட உடனடி இயந்திரத்துக்கு இது எளிது. ஒவ்வொரு தவணைக்கும் வேண்டிய சூட்டைத் தனியாகக் கொடுக்கலாம்.

அந்தச் சூடு எவ்வளவு? காபித்துறையில் பொதுவாகச் சொல்லப்படுவது 90 முதல் 96 டிகிரி. எவர்சில்வர் ஃபில்டரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் தண்ணீரோ, உலோகம் பட்டதும் சில டிகிரி இறங்கி, சொட்டி முடிக்கும் கால் மணி அரை மணி நேரத்தில் இன்னும் ஆறிவிடுகிறது. வீட்டு டிக்காஷனின் சுவையில் இந்த ஆறுதலுக்கும் பங்கு உண்டு. கடைசிவரை 95 டிகிரியிலேயே தண்ணீர் விட்டால் கசப்பு கூடுதலாக இறங்கும். ஆகவே முதல் தவணை 95, கடைசித் தவணை 85 என்று படிப்படியாக இறக்குவது புத்திசாலித்தனம். மேல்நாட்டு இயந்திரத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் சூடு மாறாமல் இருப்பதைப் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். ஃபில்டர் காபிக்கு அது பெருமை இல்லை.

பாலை இந்தக் குழாயில் விடவே கூடாது. பாலின் புரதம் சூடான உலோகத்தில் பட்டதும் ஒட்டிக் கருகும். குழாயைக் கழுவ முடியாது. நீராவியால் சூடாக்கலாம். தெர்மோபிளாக்கில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது முழுக்க நீராவியாகும். 1,300 வாட்டில் விநாடிக்கு அரை கிராம். 120 மில்லி பாலை 25 டிகிரியிலிருந்து 75-க்குக் கொண்டுவர 20 விநாடி. ஆனால் அந்த நீராவி பாலிலேயே குளிர்ந்து தண்ணீராகி, 10 மில்லி கூடிவிடும். பால்காரர் சேர்க்காத தண்ணீரை இயந்திரம் சேர்க்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலானால் 14 மில்லி. திக்கான காபி வேண்டுபவர்கள் பாலை அடுப்பில் காய்ச்சிக்கொள்வதே மேல். இயந்திரம் டிக்காஷனோடு நின்றுகொள்ளட்டும்.

கொங்கு நாட்டில் விற்கும் இயந்திரத்துக்கு மலையும் ஒரு சோதனை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், தண்ணீர் 98.6 டிகிரியில் கொதிக்கும். வால்பாறையில் 96 டிகிரியை ஒட்டி. 2,240 மீட்டர் உயரத்து உதகையில் 92 டிகிரியைத் தாண்டியதுமே கொதித்துவிடும். 95 டிகிரிக்கு அமைத்த இயந்திரம் மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக வேலை செய்யும். அதையே மலையேற்றிக் கொண்டுபோனால் அந்தச் சூட்டை எட்ட முடியாமல் ஹீட்டர் மேலும் மேலும் சக்தியைக் கொட்டும், வாய் வழியே நீராவி பீறிடும். இதற்கு உயரத்தை அளக்கும் கருவி தேவையில்லை. சக்தியைக் கூட்டியும் வெளியே வரும் சூடு ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் அந்த ஊரின் கொதிநிலை. அதிலிருந்து இரண்டு டிகிரி குறைத்து வைத்துக்கொள் என்று மென்பொருளில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

பாதுகாப்புக்கு மென்பொருளை நம்பக் கூடாது. தொட்டியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஹீட்டர் எரிந்தால் அலுமினியக் கட்டி ஒரு நிமிடத்துக்குள் 150 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே கட்டியின்மேலேயே, போர்டோடு தொடர்பில்லாமல், சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும் ஈருலோகத் தெர்மோஸ்டாட் ஒன்று. அதுவும் கைவிட்டால் உருகிவிடும் தெர்மல் ஃபியூஸ் ஒன்று. தண்ணீரும் மின்சாரமும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் பொருளில் எர்த் இணைப்பு கட்டாயம். வீட்டு மின்சாதனங்களுக்கான ஐஎஸ் 302 தரம் இவற்றையெல்லாம் சோதிக்கிறது.

பேக்கரிக்கு இந்த இயந்திரம் எடுபடுமா என்றால், தனியாக எடுபடாது. சாயங்கால நேரத்தில் நிமிடத்துக்கு நாலு டம்ளர், அதாவது 600 மில்லி சுடுதண்ணீர் இடைவிடாமல் வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வாட் ஹீட்டர் நின்றெரிய வேண்டும். வோல்டேஜ் இறங்கினால் வரிசை நீளும். அங்கே கேஸ் பாய்லர்தான் மலிவு. வேண்டுமானால் இ61 செய்ததைப்போல, பாய்லருக்குள் ஒரு செம்புச் சுருளை இறக்கி, சிறுவாணித் தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டு டிக்காஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம். பாய்லரில் நாள் முழுக்கக் கொதித்த தண்ணீர் டம்ளர் கழுவப் பயன்படும்.